குருவம்மாளை நினைக்காத ஊர்

எங்கள் ஊரில் ஒருவருக்குப் புரையேறினால் பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் லேசாகத் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார். எல்லா ஊரிலும் சொல்வதுதான். மற்ற ஊர்களில் அது இருமல் அடங்கும்வரை சொல்லி வைக்கிற பேச்சு. எங்கள் ஊரில், மில் தெரு காளிராசுவின் மகள் குருவம்மாள் விஷயத்தில், அது அப்படியே நடந்தது. அந்தப் பிள்ளையின் வாயில் சோறோ தண்ணீரோ இருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் அவளை நினைத்தால் போதும், விழுங்கியது வழிமாறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, கண் பிதுங்கப் பிதுங்க இருமினாள். "ஐயோ பாவம், தங்கமான பிள்ளை" என்று நினைத்தாலும் சரி, "தள்ளாடிக்கிட்டுப் போகுமே அந்தப் பிள்ளை" என்று இளக்காரமாக நினைத்தாலும் சரி, இருமல் ஒன்றுதான்.

பிறந்தபோது அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடம் போன புதிதில் எல்லாப் பிள்ளைகளையும் போலத் தட்டை வழித்து நக்கியவள்தான். பிறகு சிரித்தால் முழங்கால் மடங்கிக் கீழே விழ ஆரம்பித்தாள். படி இறங்கும்போது கண்ணைக் கீழே தாழ்த்த முடியாமல் தலையையே குனிந்து பார்த்தாள். சொற்கள் வாய்க்குள்ளேயே ஊறிக் குழைந்து வந்தன. அதற்கும் பிறகுதான் இந்த இருமல். முதலில் தண்ணீர், அப்புறம் ரசம், அப்புறம் சோறு.

முதலில் எங்களுக்கு இதில் பெருமைதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டால் அடுத்த வீட்டு வெள்ளையம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்து, "நாந்தான் தாயி நினைச்சேன், பணியாரம் சுடையில உன் நெனப்பு வந்துட்டு" என்பாள். டீக்கடை மூக்கையா, "இல்ல, இது என் நெனப்பு" என்று சண்டைக்கு வருவார். இத்தனை பேர் நினைக்கிற பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது, பாவாடையின் நாடாவை இறுக்க இறுக்கப் பற்றாமல் போனது, இரண்டு முறை மார்ச்சளி கட்டி மூச்சு இரைத்தது.

தாய் மாரிக்கனியும் காளிராசுவும் அவளை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாக எல்லாம் பார்த்துவிட்டு, பிள்ளையின் உடம்புக்குள் கொழுப்பைப் பிரித்து அப்புறப்படுத்துகிற ஒரு வேலை பிறப்பிலேயே சரியாக அமையவில்லை, அது மூளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிப்போகிறது, நடையையும் பேச்சையும் பிடித்த மாதிரி இப்போது தொண்டையைப் பிடித்திருக்கிறது என்றார். லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருவது. தாயிடமிருந்து பாதியும் தகப்பனிடமிருந்து பாதியுமாக வந்து சேர்வது.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இவுக எனக்குத் தாய்மாமன்" என்றாள் மாரிக்கனி.

டாக்டரம்மா அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்த பெரியவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. திட்டுவதற்குக்கூட ஆள் மிச்சமில்லை. தண்ணீர் தொண்டையில் ஓடிவிடும், கூழ் நிதானமாகப் போகும், அதனால் எல்லாவற்றையும் கெட்டியாகக் கொடுங்கள், நிமிர்ந்து உட்கார வைத்துத் தாடையை நெஞ்சோடு ஒட்டி விழுங்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். கடைசியாக, வயிற்றில் சின்னதாய் ஒரு துளை போட்டு டியூப் வைத்துவிட்டால் சாப்பாடு தொண்டைக்குப் போகாமலே நேரே இரைப்பைக்குப் போய்விடும், அதைச் சீக்கிரம் செய்வது நல்லது என்றார்.

காளிராசு எழுந்து நின்றுவிட்டார். லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற கனத்த கையால் மேஜையிலிருந்த சீட்டைத் தள்ளினார். "வாயிருக்க வயித்துல சோறு ஊத்துறதா? எம்பிள்ளை என்ன வண்டியாம்மா, டேங்கைத் திறந்து ஊத்த? வாயி வச்சவன் சோறும் வைப்பான்" என்று சொல்லி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

டாக்டர் சொன்னதும் உண்மை, ஊர் சொன்னதும் உண்மை. ஒரே வீட்டுக்கு முன்வாசலும் புழக்கடையும் இருப்பதில்லையா, அப்படி இரண்டையும் நாங்கள் வைத்துக்கொண்டோம்.

வழி தெரிந்தது ஒரு குழாயடிச் சண்டையில். வரிசையில் வைத்த குடத்தை வெள்ளையம்மா தள்ளி வைத்தாள் என்று மாரிக்கனி ஆரம்பித்தாள். வெள்ளையம்மா மாரிக்கனியின் பிறந்த வீட்டை இழுத்தாள். மாரிக்கனி வெள்ளையம்மாவின் மகன் ஓடிப்போன கதையை எடுத்தாள். அதற்குப் பிறகு கொண்டை அவிழ்ந்தது. டீக்கடை காலியானது, ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சைக்கிளை உருட்டாமல் நின்றார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கூட வகுப்பை விட்டுவிட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தெருவே அந்தச் சண்டையில் இருந்தது. பிள்ளை வீட்டுக்குள் கேப்பைக்கூழ்க் கிண்ணத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தது ஒருவர் நினைவிலும் இல்லை, பெற்றவள் நினைவிலும் இல்லை. மாரிக்கனி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது கிண்ணம் வழித்துத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"எம்மா, தீந்துபோச்சு" என்றாள் குருவம்மாள்.

"இருமல?"

"ஒருக்காக்கூட இல்லம்மா."

மாரிக்கனி அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவி, அடுத்த வீட்டுக்குப் போனாள். "மதினி, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். நாளைக்கும் சண்டைக்கு வாங்க."

வெள்ளையம்மா வந்தாள். மறுநாளும் வந்தாள். ஆனால் சண்டை எதற்காக என்று தெரிந்துவிட்ட பிறகு அதை வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் "இந்நேரம் பிள்ளை எத்தனை கவளம் தின்னிருக்கும்" என்று யோசித்துக்கொண்டே நின்றதால், உள்ளே பிள்ளை முன்னைவிட மோசமாக இருமினாள். பொய்ச் சண்டை உதவாது, ஊரே சேர்ந்து மறந்தால்தான் உண்டு என்பது தெளிவானது.

காளியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டோம். மில்லில் சங்கு ஊதுகிற சீனியப்பன், ஷிப்டுச் சங்கு போக, பிள்ளை சாப்பிடும் வேளைக்கு ஒரு தனிச் சங்கு ஊதுவதாகவும், அது கேட்டதிலிருந்து அடுத்த சங்கு வரைக்கும் ஊர் அவளை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், "சங்கு ஊதிச் சோறு போடுறது பிள்ளைக்கு ஆகுமாய்யா?" என்று கேட்டார். எங்களுக்கும் சாவுச் சங்கு ஞாபகம் வந்தது. "அந்தச் சங்கு வேற, இந்தச் சங்கு வேற. இது கரண்டுல ஊதுறது" என்றார் சீனியப்பன். அது நியாயமாகப் பட்டது.

முதல் சங்கு ஊதியது. ஊதியதும் ஊர் மொத்தமும், ஒருவர் பாக்கியில்லாமல், "ஆகா, இது குருவம்மாள் சங்கல்லவா" என்று நினைத்தது. மருந்து குடிக்கையில் குரங்கை நினைக்காதே என்றால் நினைக்காமல் இருக்க எவனால் முடியும்? பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. காளிராசு அவளை முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் அடித்து அடித்து மூச்சைத் திரும்ப வாங்கினார். அன்று ஊரில் பலபேர் சாப்பிடவில்லை.

ஆனாலும் மனிதர்கள் பழகாதது எது? பழகினோம். வாத்தியார் சங்கு கேட்டதும் வகுப்பைப் பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தார். அது ஒன்றுதான் அவருக்கும் முழுதாக வராதது. மூக்கையா தன் மாமனார் வீட்டில் தனக்கு நடந்த அவமரியாதைகளை, கல்யாணத்தன்று இலையில் அப்பளம் வைக்க மறந்ததிலிருந்து ஆரம்பித்து, வரிசைப்படி நினைத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்காகப் பேசாமல் கிடந்த பங்காளிகள் அந்த வேளைக்கென்று பழைய வரப்புத் தகராறைத் தூசி தட்டி எடுத்தார்கள். காதலிக்கிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, அவர்களுக்கு எப்போதும் வேறு யார் நினைப்பும் கிடையாது. கொஞ்ச நாளில் இந்த முயற்சிகூடத் தேவைப்படவில்லை. சங்கு ஊதினால் கதவு சாத்துகிற மாதிரி மனசு சாத்திக்கொண்டது.

குருவம்மாளுக்குக் கன்னம் விழுந்த இடம் நிறைந்தது. பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. காளிராசு அவளைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார். பிறகு அப்படி நடந்தால் நாங்கள் பார்ப்போம், பார்த்தால் நினைப்போம், நினைப்பு சங்கு வேளை வரைக்கும் தங்கிவிடும் என்று யாரோ சொன்னதால் நிறுத்திக்கொண்டார்.

மறதிக்கு மணி பார்க்கத் தெரியாது. வேளைக்கு மட்டும் என்று நாங்கள் வீட்டுக்குள் விட்ட மறதி வேளை தாண்டியும் வெளியே போகாமல் உட்கார்ந்துகொண்டது. பெயரைச் சொன்னால் நினைப்பு வரும் என்று பெயரைச் சொல்வதை விட்டோம். வாத்தியார் வருகை எடுக்கும்போது அவளுக்கு முந்தைய பெயரிலிருந்து பிந்தைய பெயருக்குத் தாண்டினார், கொஞ்ச நாளில் தாண்டுகிறோம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் அவள் வீட்டைக் கடக்கும்போது எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கோயில் கொடைக்குத் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் வளையல் வாங்கியபோது அவள் கைக்கு வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள், ஊர் அவளுக்கு முன்னால் போனது, வந்தது, ஒரு முகமும் திரும்பவில்லை. நல்ல மனிதர்கள்தான் நாங்கள். அவள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றுதான் இத்தனையும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேளைக்கு ஒரு தடவை புரையேறத்தான் செய்தது. அது யார் நினைப்பு என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. வெள்ளையம்மாதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஏ தாயி, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத. நாங்க அத்தன பேரும் மறந்துட்டோம். பெத்தவ நீதான் மறக்கல."

"நான் எப்படி மதினி மறக்க?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா நீ நெனக்க நெனக்க உம்பிள்ளைக்குத்தான் நெஞ்சடைக்கி."

மாரிக்கனி அடுப்படியில் போய் உட்கார்ந்து மகளைத் தவிர எதையாவது நினைக்கப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தால் கூழ், விறகைப் பார்த்தால் கூழ் கிண்ட வேண்டிய தீ. வாசலுக்கு வந்தாள், கோலப்பொடிக் கிண்ணம் மகளுடைய பழைய கிண்ணம். மறுவாரமே அவள் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் சேர்ந்தாள். காளிராசு தார்ப்பாய் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மூன்று வேளையும் தானே கூழ் ஊட்டினார். மகளுக்காக அவரும் தன் மனசைக் கிண்ணத்தின் மேலேயே வைக்கக் கற்றுக்கொண்டார். கரண்டியைப் பார்த்தார், கூழின் கெட்டியைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், வாய் யாருடையது என்று பார்க்கவில்லை.

மில்லில் மாரிக்கனிக்கு நூல் அறுந்த இடத்தில் இழை ஒட்டுகிற வேலை. நூல் சுற்றுகிற கதிர்கள் வரிசையாக ஓடும், எங்காவது ஒரு நூல் அறும், ஓடிப்போய் விரலால் எடுத்து முறுக்கி ஒட்டுவதற்குள் அடுத்தது அறும். அந்த இரைச்சலில் சொந்தக் குரல் காதில் விழாது. கண் நூலிலிருந்து நகர்ந்தால் விரல் போய்விடும். அங்கே அவள் தன் மகளை ஒவ்வொரு இழையாக அறுத்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். சிரிப்பை ஒருநாள், குளித்த தலையின் வாசனையை ஒருநாள், பிறந்த அன்று நர்சு கையில் கொடுத்தபோது இருந்த கனத்தை ஒருநாள். அறுந்ததை ஒட்டத் தெரிந்தவள் ஒன்றையும் ஒட்டவில்லை. தை மாதம் பொங்கல் வைத்தபோது பிள்ளை ஒரு கிண்ணம் பொங்கலைக் குழைத்து இருமாமல் சாப்பிட்டாள். அதைப் பார்த்த மாரிக்கனி, "இந்தப் பிள்ளை நல்லாச் சாப்பிடுதே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மில்லுக்குக் கிளம்பினாள்.

கொடியில் காய்ந்த சட்டையை எடுத்துக்கொண்டு அவள் வெள்ளையம்மா வீட்டுக்குப் போய், "மதினி, இது உங்க பேத்தியோடதா?" என்று கேட்டாள் ஒருநாள். வெள்ளையம்மா அந்தச் சட்டையை வாங்கி மடித்து, மாரிக்கனி மில்லுக்குப் போன பிறகு காளிராசுவிடம் கொடுத்தாள்.

பங்குனியில் இருமல் திரும்பி வந்தது. ஒரு வாய்க்கு ஒரு இருமல், பிறகு ஒரு வாய்க்கு இரண்டு. காய்ச்சல் அடித்தது, நெஞ்சுக்குள் கூழ் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. நிறைந்த கன்னம் பத்து நாளில் பழையபடி ஒட்டிக்கொண்டது. யாரோ நினைக்கிறார்கள்! எங்கள் கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை பாடுபட்டு இத்தனை பேர் மறந்திருக்க, எந்தப் பாவி அது?

மறுபடியும் காளியம்மன் கோயிலில் கூடினோம். தட்டில் சூடம் ஏற்றினார்கள். நினைக்கவில்லை என்கிறவர் வந்து எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மூக்கையா அணைத்தார். வாத்தியார் அணைத்தார். வெள்ளையம்மா அணைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். சீனியப்பன், சங்கின் சுவிட்சைப் போடும்போதே தனக்கு எதற்குப் போடுகிறோம் என்பது மறந்துவிடுவதாகச் சொல்லி அணைத்தார். மில் உடுப்போடு வந்திருந்த மாரிக்கனி, "எந்தப் பிள்ளையை?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு அணைத்தாள். அதைவிடப் பெரிய சத்தியம் அந்தக் கோயிலில் அதுவரை யாரும் செய்ததில்லை. ஒவ்வொரு முறையும் சூடம் புதிதாக ஏற்றப்பட்டது, ஒவ்வொரு கையும் அணைத்தது, ஒருவர் கையும் பொய் சொல்லவில்லை.

கடைசிச் சூடம் எரிந்துகொண்டிருந்தபோது சுவரைப் பிடித்துப் பிடித்து யாரோ வரும் சத்தம் கேட்டது. குருவம்மாள். காளிராசு வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்த பிள்ளை. கண்ணைத் தாழ்த்த முடியாததால் தலையை முழுதாகக் குனிந்து படியைப் பார்த்து, ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து ஏறினாள். தட்டின் முன்னால் வந்து கையை நீட்டினாள். அந்தக் கை நெருப்புக்கு மேலே ஆடிக்கொண்டே நின்றது, இறங்கவில்லை.

"நாந்தான்" என்றாள்.

"என்ன தாயி நீதான்?" என்றாள் வெள்ளையம்மா.

"நாந்தான் நெனச்சேன். என்னைய." சொற்கள் குழைந்து வந்தாலும் ஒவ்வொன்றும் எங்களுக்குப் புரிந்தது. "சங்கு ஊதுனா யாருமே இல்ல. நான் இருக்கேனா இல்லையான்னு பாத்துக்கிட்டேன். நெனச்சா இருமல் வருது. இருமல் வந்தா, இருக்கேன்னு தெரியுது."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. எங்களில் ஒருவராலும் அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்துவிட்டு நிற்கவும் முடியவில்லை. ஊரை மறக்கச் சொல்லலாம், பெற்றவளை மறக்கச் சொல்லலாம், ஒரு பிள்ளையிடம் போய் உன்னை நீயே மறந்துவிடு என்று யார் சொல்வது? காளிராசு படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்து மகளைத் தூக்கினார். "மதுரைக்குப் போவோம். டியூப்பு வச்சிருவோம். வாயி எதுக்கு இருந்தா என்ன, பிள்ளை இருக்கட்டும்" என்றார். மூக்கையா ஓடிப்போய் வண்டி பிடித்துவந்தார். மாரிக்கனியையும் ஏற்றினார்கள், எங்கே என்று அவள் கேட்கவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. முதலில் மார்ச்சளிக்கு மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கினார். நடந்ததையெல்லாம் காளிராசு சொல்லக் கேட்டு அவர் சிரிக்கவும் இல்லை. "டியூப் போன வருஷமே வச்சிருக்கணும். பரவாயில்ல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இது நோயைக் குணமாக்காது. நோய் அது பாட்டுக்குப் போகும். பிள்ளை பட்டினி கிடக்காது, நெஞ்சுல அடிக்கடி சளி கட்டாது, அவ்வளவுதான்" என்றார். காளிராசு தலையாட்டினார். அவ்வளவுதான் என்பது அவருக்கு அன்றைக்குப் பெரிய சொல்லாக இருந்தது.

வார்டில் நர்சு மாரிக்கனியிடம் பிள்ளையின் பெயரைக் கேட்டாள். மாரிக்கனி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நர்சு மறுபடி கேட்டாள். "மாமா, நீங்க சொல்லுங்க" என்றாள் மாரிக்கனி, ஏதோ வெட்கப்பட்டவள் போல. காளிராசு சொன்னார்.

துளை போட்ட மறுநாள் நர்சு பெரிய சிரிஞ்சை டியூப்பின் முனையில் மாட்டி, உயரப் பிடித்து, நீர்த்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கஞ்சி தானாக இறங்கியது. தொண்டை சும்மா இருந்தது. வாய் சும்மா இருந்தது. குருவம்மாள் தன் வயிற்றைக் கையால் தொட்டு, "சூடாருக்கு" என்றாள். காளிராசு வராந்தாவுக்கு வந்து மூக்கையாவுக்குப் போன் போட்டார். "இனிமே நினைச்சிக்கிடுங்கப்பா" என்றார்.

சீனியப்பன் சங்கை ஊதினார். அது எந்தச் சங்கு என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள், கடைக்காரர்கள் தராசை வைத்தார்கள், வாத்தியார் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வருகைப் பெயர்களை முதலிலிருந்து படித்து ஒரு பெயரை மட்டும் இரண்டு தடவை உரக்கக் கூப்பிட்டார். வெள்ளையம்மா அடுப்பில் பணியாரக் கல்லைப் போட்டு, இதை அவள் இனித் தின்ன மாட்டாள் என்று தெரிந்தும் சுட்டுக்கொண்டே அழுதாள். அடக்கி வைத்திருந்த நினைப்பெல்லாம் எங்கள் ஊரிலிருந்து ஒரே நேரத்தில் மதுரைக்குப் போனது. வார்டில் குருவம்மாளுக்குச் சொந்த எச்சில் மட்டும் லேசாகப் புரையேறியது. நர்சு துடைத்துவிட்டாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

மாரிக்கனி அந்நேரம் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்றிருந்தாள். உள்ளே தனக்கு வேலை ஒன்றும் இல்லை என்பது போலவும், இருந்தும் ஊருக்குப் பஸ் ஏற முடியாதது போலவும் அவளுக்கு இருந்தது. கண்ணாடித் தம்ளரில் டீ வாங்கி ஒரு மிடறு குடித்தாள். புரையேறியது. கண்ணில் நீர் முட்ட இருமினாள்.

"யாரோ நினைக்கிறாங்கம்மா" என்றார் டீக்கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே.

"என்னைய யாரு நினைக்கப் போறா" என்று சொல்லி இன்னொரு மிடறு குடித்தாள். இன்னும் பலமாகப் புரையேறியது. டீ மூக்கு வழியாக வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஆத்தாள் அப்பன் இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. கணவன் மேலே கஞ்சியைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். ஊர் முழுவதும் இந்த நேரத்தில் வேறு ஒருத்தியை நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் இவ்வளவு பலமாக, விடாமல், மூச்சு விடக்கூட இடம் தராமல் தன்னை நினைப்பது யார்? கையில் ஒரு கனம் தெரிந்தது. தம்ளரின் கனம் இல்லை. துணியில் சுற்றி யாரோ கொடுத்த கனம். அதற்கு ஒரு வாசனை இருந்தது. குளித்த தலை.

தம்ளர் கீழே விழுந்தது. டீக்கடைக்காரர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், காவலாளி மறிக்க மறிக்க நிற்காமல், இருமிக்கொண்டே படியேறினாள். ஒவ்வொரு படியிலும் அறுத்துப் போட்டது ஒன்று விரலில் வந்து ஒட்டியது. வார்டு வாசலை அடையும்போது மூச்சு முழுதாக அடைத்துவிட்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக் குனிந்து இருமினாள், இருமலுக்கு நடுவே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"குருவு. குருவு. ஏ குருவு."

குருவம்மாள் கையைத் தூக்கினாள். அது ஆடியது. முதலில் மாரிக்கனியின் காதில் பட்டது, அடுத்தபடி நெற்றியில் பட்டது, மூன்றாவதாகத்தான் உச்சந்தலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே லேசாகத் தட்டினாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "யாரோ நினைக்கிறாங்க."